அரசியல் நூலும் அடகு நகையும்

திருவள்ளுவனார் பொருட்பாலை எழுபது அதிகாரங்களாக வகுத்தார். அவற்றுள் முதற்கண் நிற்பது இறைமாட்சி. அதனை அடுத்து நிற்பது கல்வி. அரசனது மாட்சியைக் கூறிய வாயால் உடனே கல்வியையும் கூறினமையின், நாடாளும் நெறிக்கும் நூலறிவுக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் என்பது போதரும். நல்குரவும் இரவும் அப்பாலின் இறுதிப் பகுதியில் வருகின்றன. அரசியலில் தொடங்கிக் கல்வி வழியே செல்பவன் நல்குரவில் வந்து நிற்பான் என்பது ஆசிரியர் கருத்தன்று. ஆயினும், இக்காலத்தில் அரசியல் நூல் பயின்று பட்டம் பெறும் இளைஞர் பலரது வாழ்க்கை அவ்வரிசையிலேயே அமைந்து விடுகின்றது.

யான் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன். அரசியல் நூலாரின் வரவு செலவைப் பற்றி எழுத எனக்கு உரிமை யாது என்று நண்பர் சிலர் வினவக்கூடும். என் உரிமை எங்கள் வீட்டிலிருந்து வருவது. என் தமையனார் வேறோர் ஊர்க் கல்லூரியில் அரசியல் நூலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பி. ஏ. தேறினார்; பின்பு அப்பாடத்திலேயே எம். ஏ. பட்டமும் பெற்றார். எங்கள் தந்தையார் தையற்காரர். பி. ஏ. வகுப்பில் தமையனாருக்கு அரசாங்க உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தமையால் கட்டணம் எங்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை. எம். ஏ. வகுப்போ சுயநிதிப் பிரிவில் இருந்தது. கட்டணம், விடுதிச் செலவு, புத்தகம், தேர்வுப் பணம் ஆகிய யாவும் சேர்ந்து இரண்டாண்டிற்கு 1,00,000 ரூபாய் வேண்டும் என்று கணக்கிட்டோம்.

முதலிற் பாங்கிக்கே சென்றோம். அங்கிருந்த அதிகாரி நல்லவர். எங்களை உட்காரச் சொல்லி விண்ணப்பத்தைப் படித்தார். பின்பு, "தம்பி, இந்தப் படிப்பிற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று வினவினார். தமையனார் விடை கூறத் தயங்கினார். பொறியியல் கற்கச் செல்லும் மாணவன் ஒருவனை அவர் அங்ஙனம் வினவியிருப்பாரா என்பது ஐயமே. "வீட்டுப் பத்திரம் ஏதேனும் இருந்தால் கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். நாங்கள் இருப்பது வாடகை வீடு. கட்டணம் செலுத்தக் கடைசி நாளோ மறுநாள். அன்று மாலையே என் அன்னையாரின் சங்கிலியும் இரண்டு வளையல்களும் கடைத்தெருவிலுள்ள அடகுக் கடைக்குச் சென்றன. பாங்கியிலும் நகைக்கடன் உண்டு, அதற்கு வட்டி குறைவு என்பதை நாங்கள் அறியாமலில்லை. ஆனால், அடகுக் கடையில் கேட்ட தொகை கேட்ட பொழுதே கைக்கு வந்தது. வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்.

இது நிகழ்ந்து நான்காண்டுகள் ஆகின்றன. மாதம் 2,000 ரூபாயாக இதுவரை நாங்கள் கட்டிய வட்டி 96,000 ரூபாய். அசல் ஒரு காசும் குறையவில்லை. தமையனார் இன்று ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதி மாதம் 14,000 ரூபாய் பெறுகிறார். ஏழில் ஒரு பங்கு வட்டிக்கே போகின்றது.

பாங்கி கடன் கொடுத்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்று ஓரிரவு இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டோம். முழுத்தொகையையும் முதல் நாளே வாங்கியதாகவும், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 10 ரூபாய் என்றும் கொள்க. படிக்கும் இரண்டாண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. அக்காலத்துத் தனிவட்டி 30,000 ரூபாய் அசலோடு சேரும். அங்ஙனம் சேர்ந்த 1,30,000 ரூபாயைப் பத்தாண்டில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறக்குறைய 1,720 ரூபாய். அதாவது, அடகுக் கடைக்கு வட்டியாக மட்டும் கொடுக்கும் தொகையைவிடக் குறைந்த தொகையால் பாங்கிக் கடன் அசலோடு தீர்ந்திருக்கும். கணக்கு முடிந்ததும் தமையனார் காகிதத்தை மடித்துப் புத்தகத்துள் வைத்துவிட்டார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

இதனை என் குடும்பத்துக் குறையாகக் கருதி எழுதினேனல்லேன். எங்கள் தெருவிலும் எங்கள் விடுதியிலும் இத்தகைய குடும்பங்கள் பல உள. பொறியியலும் மருத்துவமும் கற்பார் கடன் பாங்கியின் ஏட்டில் இருக்கின்றது, அதனை அரசாங்கம் எண்ணுகின்றது, பத்திரிகைகள் எழுதுகின்றன, தேர்தற் காலத்தில் கட்சிகளும் அதனைப் பற்றிப் பேசுகின்றன. கலைப்பாடம் கற்பார் கடனோ அன்னையரின் வெறுங் கழுத்திலும், மளிகைக் கடைக்காரர் குறிப்பேட்டிலும், உறவினர் முகக் குறிப்பிலும் இருக்கின்றது. அதனை எண்ணுவார் இலர். எண்ணப்படாத கடனுக்குச் சலுகையும் இல்லை; தவணையும் இல்லை; முடிவும் இல்லை.

பாங்கிகளின் விதி இதற்கு இடந்தருகின்றதா என்று ஆராய்ந்தேன். இந்திய பாங்கிகளின் சங்கம் 2001-ஆம் ஆண்டில் கல்விக் கடனுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. 4,00,000 ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கலாகாது என்பது ரிசர்வ் பாங்கியின் கட்டளை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிட்டாற் போதும். ஆதலின் எங்களிடம் பத்திரம் கேட்டது விதிக்கு முரணானது. இதனை அன்று நாங்கள் அறியோம். இன்று இதனைப் படிக்கும் மாணவருள் ஒருவரேனும் இதனை நினைவிற் கொண்டு பாங்கிக்குச் செல்வாராயின் இக்கட்டுரை எழுதியதன் பயன் எய்தினேனாவேன்.

ஆயினும் விதியிலேயே ஒரு பாரபட்சம் உண்டு. 2009-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வட்டி மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4,50,000 ரூபாய்க்கு மேற்படாத மாணவரின் கல்விக் கடனுக்குப் படிப்புக் காலத்து வட்டியை அரசாங்கமே செலுத்தும் என்பது அத்திட்டம். நல்ல திட்டமே. ஆனால் அது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்குமே உரியது. அரசியல் நூல், வரலாறு, தமிழ் முதலிய கலைப்பாடங்களின் பட்ட வகுப்புகளுக்கு அதில் இடமில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்கப்பட்ட வித்தியாலட்சுமித் திட்டம் சொத்துப் பிணையமும் ஆட்பிணையும் இன்றிக் கடன் தருகின்றது. ஆனால் தரவரிசையில் முன்னிற்கும் 860 நிறுவனங்களின் மாணவர்க்கே அஃது உரியதாக வகுக்கப்பட்டது. முன்னிற்கும் கல்லூரியில் இடம்பெற்றவனுக்கு வழி எளிது. சிற்றூரை அடுத்த கல்லூரியில் பயிலும் தையற்காரர் மகனுக்கு அடகுக் கடையே வழி.

இனி, வருவாயைப் பார்ப்போம். அரசியல் நூல் கற்றவர் பெரும்பாலும் நாடுவது அரசாங்க உத்தியோகம். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்விற்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர் ஏறக்குறைய 20 லட்சம் பேர். ஓர் இடத்திற்கு 320 பேர் என்க. பின்னர் இடங்கள் ஓரளவு கூட்டப்பட்டன. எனினும் கூட்டம் கூட்டமே. இத்தேர்விற்கு வேண்டிய கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இதன் வழி அமரும் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 19,500 ரூபாய், படிகள் வேறு. ஐந்தாண்டு அரசியல் நூல் கற்று, அரிஸ்டாட்டிலையும் கௌடிலியரையும் அரசியலமைப்புச் சட்டத்தையும் ஆராய்ந்தவர், பத்தாம் வகுப்போடு நின்றவர் அருகில் அமர்ந்து அதே வினாத்தாளை எழுதுகின்றார். அருகில் அமர்தலில் இழுக்கில்லை. கற்ற ஐந்தாண்டிற்கு அங்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை என்பதே வருத்தம்.

இந்திய ஆட்சிப் பணித் தேர்வின் நிலை இதனினும் கடிது. 2023-ஆம் ஆண்டுத் தேர்வின் முதற்படியை எழுதியவர் 5,92,141 பேர். இறுதியில் தெரிந்தெடுக்கப்பட்டவர் 1,016 பேர். ஏறக்குறைய 580 பேருக்கு ஒருவர். அத்தேர்வில் அரசியல் நூல் பலரும் விரும்பியெடுக்கும் விருப்பப் பாடம். ஆனால் அதற்குச் சென்னையிலோ டில்லியிலோ தங்கிப் பயிற்சி பெறுவதற்கு ஆகும் செலவு மீண்டும் ஒரு நகையைக் கேட்கின்றது. மேனிலைப் பள்ளிகளில் அரசியல் அறிவியல் ஒரு பாடமாக உண்டு. ஆயினும் அதனைக் கற்பிக்கும் பள்ளிகள் சிலவே. ஆகவே ஆசிரியத் தொழிலும் அகன்ற வாயிலன்று.

"அங்ஙனமாயின் அப்பாடத்தை ஏன் கற்கவேண்டும்? கைத்தொழில் ஒன்று கற்கலாகாதா?" என்பார் உளர். அவர்க்கு என் விடை இது. தமிழ்நாட்டில் பன்னீராயிரத்திற்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது முதல் அவை வெறும் பெயரளவில் நில்லாமல் சட்டத்தின் காவல் பெற்ற மன்றங்களாயின. ஊரின் வரவு செலவைப் படித்து, கிராமசபையில் எழுந்து, "இப்பணம் எங்கே சென்றது?" என்று கேட்பதற்கு ஊருக்கு ஒருவரேனும் வேண்டாவோ? அவர் சட்டம் அறிந்தவராதல் வேண்டாவோ? அத்தகையவரை உருவாக்கும் பாடம் அரசியல் நூல். எங்கள் தமையனார்க்கு அவ்விருப்பம் மிகுதியும் உண்டு. ஆனால் கிராமசபை கூடும் நாளில் அவர் விடுப்புக் கேட்டால் அந்நாட் சம்பளம் போகும். சம்பளம் போனால் வட்டி தவறும். கடன் வாங்கிக் குடிமைக்கல்வி கற்றவர், கடன் காரணமாகவே குடிமைக்கடனைச் செய்ய இயலாமல் நிற்கின்றார்.

இந்நாட்டின் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரே மாணவப் பருவத்தில் பிறர் பணத்தால் கற்றவர். டாக்டர் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னரின் உபகாரச் சம்பளம் பெற்றுக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். திரும்பி வந்து பத்தாண்டு அச்சமஸ்தானத்தில் பணிபுரிவதாக உடன்படிக்கை. 1917-இல் அவ்வாறே பரோடா சென்றார். ஆனால் சாதிக் கொடுமையால் தங்குதற்கு ஓரிடமும் கிடையாமல் சில நாட்களிலேயே வெளியேறினார். 1920-இல் விட்ட படிப்பை முடிக்க இலண்டன் செல்ல வேண்டியிருந்தபோது, நேவல் பத்தேனா என்னும் பார்சி நண்பர் 5,000 ரூபாய் கடன் கொடுத்து உதவினார். அந்நண்பரும், "இந்தப் படிப்பிற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தால் விடை என்னவாக இருந்திருக்கும்? 1947-ஆம் ஆண்டு வரையில் ஒருவராலும் அதற்கு விடை கூறியிருத்தல் இயலாது. சில கல்விகளின் பயன் காலந்தாழ்த்து வருவது. வரும்போது கற்றவனுக்கு மட்டுமன்றி நாட்டிற்கே வருவது.

நிற்க. பாடவாரியாகக் கடனையும் வருவாயையும் எண்ணிப் பார்க்கும் நாடு ஒன்றுண்டு. அஃது அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கு மாணவர் அரசாங்கத்திற்குச் செலுத்தவேண்டிய கடன் ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கு மேற்பட்டது. கடன்பட்டோர் நான்கு கோடிக்கு மேற்பட்டோர். அந்நாட்டுக் கல்வித்துறை 2013-இல் கல்லூரிகளின் மதிப்பேடு ஒன்றைத் தொடங்கி, 2015-இல் மாணவரின் பிற்கால வருவாயையும் அதிற் சேர்த்து, 2019 முதல் பாடவாரியாகவும் வெளியிட்டு வருகின்றது. ஒரு கல்லூரியில் அரசியல் நூல் கற்றவர் எவ்வளவு கடனோடு வெளிவருகின்றார், சில ஆண்டுகளில் என்ன சம்பாதிக்கின்றார் என்பதை, சேர்வதற்கு முன்னரே மாணவன் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கும் இந்நூலின் வருவாய் ஏமாற்றும் இயல்பினதே. அரசியல் நூலறிஞர் என்னும் பெயரிலேயே உத்தியோகம் பார்ப்பவரின் நடுநிலைச் சம்பளம் 2023-இல் ஆண்டிற்கு 1,32,350 டாலர். இதனைக் கண்டு மயங்குதல் எளிது. ஆனால் அத்தகையோர் அந்நாடு முழுவதிலும் 10,000 பேருக்கும் குறைவு. இப்பாடத்தில் ஆண்டுதோறும் இளங்கலைப் பட்டம் பெறுவோர் 30,000-க்கும் மேல். ஏனையோர் அலுவலகங்களிலும் வாணிகத்திலும் புகுகின்றனர். அல்லது சட்டம் கற்கச் சென்று முதற்கடனின் மேல் இரண்டாங்கடன் ஏற்றுகின்றனர். 1983-இல் கொலம்பியாவில் அரசியல் நூலிற் பட்டம் பெற்றுப் பின்பு சட்டம் கற்ற பராக் ஒபாமா, தாமும் தம் மனைவியாரும் கல்விக் கடனைத் தீர்த்து எட்டாண்டுகளே ஆகின்றன என்று 2012-இல் மாணவரிடையே கூறினார். அப்போது அவர் அந்நாட்டின் தலைவர். கடன் தீர்ந்தபோது அவர் வயது நாற்பதைக் கடந்திருந்தது.

அமெரிக்கரின் மதிப்பேட்டை யான் போற்றுகின்றேன். கடன் வாங்குபவனுக்குக் கணக்கைக் காட்டாமல் கையொப்பம் கேட்பது அறமன்று. ஆனால் அவர்கள் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்னும் ஒரு படி சென்றனர். ஒரு பாடம் கற்றவரின் நடுநிலை வருவாய், பள்ளிப் படிப்போடு நின்றவரின் நடுநிலை வருவாய்க்குக் குறைந்திருப்பது தொடருமாயின் அப்பாடத்திற்கு அரசாங்கக் கடன் நிறுத்தப்படும் என்பது அச்சட்டத்தின் ஒரு விதி. வீண் பட்டங்களை விற்று மாணவரை ஏமாற்றும் நிறுவனங்கள் இதனால் அடங்கும், அது நன்றே. எனினும், சம்பளம் ஒன்றையே துலாக்கோலாகக் கொண்டால் ஊர்த்தொண்டு செய்பவனது கல்வி எடை குறைந்தும், பிறர் கண்ணில் மண் தூவிப் பணம் சேர்ப்பவனது கல்வி எடை மிகுந்தும் தோன்றும். கணக்கை வெளியிடுதல் வேறு. கணக்கையே நீதிபதியாக்குதல் வேறு. முன்னது மாணவனுக்குத் துணை; பின்னது நாட்டின் கண்ணைக் கட்டுவது.

ஆயின் செய்யத்தக்கது யாது? ஆஸ்திரேலியர் 1989-ஆம் ஆண்டில் கண்ட வழியே எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகின்றது. அங்கு மாணவனது கட்டணத்தை அரசாங்கம் முன்னரே செலுத்திவிடும். கற்று முடித்தபின் அவனது வருமானம் ஓர் எல்லையைக் கடந்தால், அவ்வருமானத்திற்கேற்ற ஒரு பங்கு வரியோடு சேர்த்துப் பெறப்படும். எல்லைக்குக் கீழ் நிற்கும் ஆண்டுகளில் ஒன்றும் செலுத்த வேண்டுவதில்லை. நம் நாட்டுத் தவணையோ நாட்காட்டியைப் பார்த்து வருவது. படித்து ஓராண்டு கழிந்ததும் வேலை உண்டோ இல்லையோ வாயிலில் வந்து நிற்கும். அவர்கள் தவணை சம்பளத்தைப் பார்த்து வருவது. பயன் விரைந்து வரும் படிப்பிற்கு நாட்காட்டித் தவணை பொருந்தலாம். காலந்தாழ்த்துப் பயன் தரும் அரசியல் நூல் போன்ற கல்விக்குச் சம்பளத் தவணையே பொருந்தும். இதுவே யான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இதற்குத் தடை கூறுவார் இருதிறத்தார். "கல்லூரி வாயிலையே மிதியாத கூலியாளின் வரிப்பணத்தால் பட்டதாரியின் கடனைத் தாங்குவது நீதியோ?" என்பர் ஒரு சாரார். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. ஆனால் யான் கேட்பது கடனைத் தள்ளுபடி செய்தல் அன்று. கொடுக்கும் வலிமை வந்தபின் பெறுதலே. வலிமை வந்தவன் முழுதும் கொடுப்பான். மேலும், இப்போது வட்டி மானியம் பெறும் பொறியியல் மாணவனுக்கும் அக்கூலியாளின் வரிப்பணமே செல்கின்றது என்பதையும் நினைத்தல் வேண்டும். "நம் நாட்டிற் பலரது வருமானம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லையே, மறைப்பவனிடம் எங்ஙனம் பெறுவது?" என்பர் மற்றொரு சாரார். இது மெய்யான இடர்ப்பாடு. என் தமையனாரும் வருமான வரி செலுத்தும் நிலையை எட்டாதவரே. ஆயினும் அரசாங்கத்திலும் பெருநிறுவனங்களிலும் அமர்வோர் சம்பளத்தில் வரி முன்னரே பிடிக்கப்படுகின்றது. அவர்களிடமிருந்தேனும் இம்முறையைத் தொடங்கலாம். ஏனையோர்க்கு இன்றுள்ள தவணையையே நீண்ட காலத்திற்குப் பகுத்துத் தரலாம். எல்லாரிடமும் செம்மையாகச் செய்ய இயலாதென்று ஒருவரிடமும் செய்யாதிருப்பது முறையன்று.

அரசாங்கம் செய்யும்வரை நாம் வாளா இருத்தல் வேண்டா. நம் கல்லூரி இன்றே செய்யக்கூடியவை இரண்டுண்டு. இவற்றை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் பழைய மாணவர் முன்னும் பணிவோடு வைக்கின்றேன்.

முதலாவது, ஒவ்வொரு பாடப் பிரிவிலும் பட்டம் பெற்று மூன்றாண்டு கழிந்தவரைக் கண்டு, இன்று என்ன செய்கின்றார், என்ன பெறுகின்றார், படிப்பிற்காக எவ்வளவு கடன்பட்டார், அக்கடன் பாங்கியிலா அடகுக் கடையிலா என்னும் நான்கு வினாக்களைக் கேட்டு, பெயர் குறியாமல் தொகை மட்டும் இம்மலரில் ஆண்டுதோறும் வெளியிடுக. பெருமை தரும் எண்களோடு பெருமை தாராத எண்களையும் அச்சிடுக. தமிழ்ப் பிரிவின் கணக்கும் அதில் வரட்டும். அரசியல் நூலாரினும் எங்கள் நிலை மேம்பட்டதாக இராதென்பது என் எண்ணம்.

இரண்டாவது, பழைய மாணவர் ஓர் அடகு மீட்பு நிதி நிறுவுக. 200 பேர் மாதம் 500 ரூபாய் வீதம் கொடுத்தால் மாதம் 1,00,000 ரூபாய் சேரும். எங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டின் நகையை மாதந்தோறும் மீட்கலாம். ஓராண்டில் பன்னிரண்டு வீடுகள். இது தானமாக வேண்டா. வட்டியில்லாக் கடனாக இருக்கட்டும். மாணவன் மாதம் 20,000 ரூபாய்க்கு மேற் சம்பாதிக்கத் தொடங்கியதும் சம்பளத்திற் பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பானாக. அதற்கு முன் ஒருவரும் அவனைக் கேளாதிருப்பாராக. திரும்பிய பணம் அடுத்தவன் வீட்டிற்குச் செல்லும். ஆஸ்திரேலியப் பேரரசாங்கம் செய்வதை ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சிறிய அளவில் செய்து காட்டினால், நம் அரசாங்கத்திற்கு அதுவே ஒரு சான்றாகும்.

சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனைக்குச் செல்லும்போது என் அன்னையார் சேலைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டார். குளிருக்காகவோ என்று ஒருவர் கேட்டார், ஆம் என்றார். எங்கள் ஊரில் டிசம்பரிலும் அத்துணைக் குளிர் கிடையாது. அருகில் நின்ற என் தமையனார் தலை கவிழ்ந்தார். அரசு, உரிமை, நீதி என்று ஐந்தாண்டு கற்றவர் அவர். அக்கல்வி வீணென்று என் அன்னையார் ஒருநாளும் சொன்னதில்லை. கிராமசபைக்கு அவர் சென்றுவரக் காணவே விரும்புகின்றார். அவ்விருப்பம் நிறைவேற வேண்டுமாயின், கற்றவனது தவணை அவன் சம்பளத்திற்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.